இங்கிலாந்தில் பண்ணையடிமை முறை ஒழிந்த கதை



சரித்திரம் என்று சொன்னவுடன் முடிசூடிய மன்னர்களும் அவர்கள் நடத்திய போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்த மன்னர்களுக்குச் சோறு போட்டவர்கள் யார், அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. இன்றைய சொற்பொழிவில், ஏறக்குறைய 650 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து நாட்டில் மண்ணில் உழைத்த மக்களைப் பற்றிப் பார்ப்போம். அவர்கள் வெள்ளைக்காரர்கள்தாம். ஆனால் துரைமார்கள் அல்லர். பிறந்த ஊரை விட்டுப் போவதற்கும், பெற்ற மகளைக் கட்டிக் கொடுப்பதற்கும் இன்னொருவனிடம் அனுமதி கேட்டு நின்றவர்கள். அவர்கள் கதைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. அதைப் பேச்சின் இறுதியில் சொல்வோம்.

அக்காலத்து ஆங்கிலக் கிராமத்தை முதலில் மனக்கண்ணில் கொண்டுவருவோம். நடுவில் கல்லால் கட்டிய ஒரு மாதா கோயில். சற்றுத் தள்ளிப் பிரபுவின் மாளிகை. சுற்றிலும் மரச்சட்டமும் மண்ணும் வைக்கோலும் கொண்டு கட்டிய குடிசைகள். ஊருக்கு வெளியே பெரிய வயல்வெளிகள். அந்த வயல்களில் வரப்பு வேலி எதுவும் இல்லாமல், நீள நீளமான பட்டைகளாக நிலம் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பட்டை பிரபுவுக்கு, அடுத்த பட்டை குடியானவனுக்கு என்று கலந்து கிடக்கும். இப்படி ஒரு பிரபுவின் ஆட்சியில் இருந்த ஊரும் நிலமும் சேர்ந்ததை மேனர் என்றார்கள். நாம் பண்ணை என்று சொல்லிக்கொள்வோம்.

அந்தப் பண்ணையில் சுதந்திரக் குடிகள் சிலர் இருந்தார்கள். ஆனால் பெருந்தொகையானவர்கள் பண்ணையடிமைகள். அவர்களைச் சந்தையில் ஆடுமாடு போலத் தனித்தனியாக விற்பதில்லை. ஆனால் மண்ணோடு கட்டப்பட்டவர்கள். பண்ணை கைமாறினால் அவர்களும் சேர்ந்து கைமாறுவார்கள். பிரபு கொடுத்த துண்டு நிலத்தில் அவர்கள் பயிரிட்டுப் பிழைத்தார்கள். அதற்கு ஈடாக, பல ஊர்களில் வாரத்தில் 2 நாள் அல்லது 3 நாள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். அறுவடைக் காலத்தில் அதற்கு மேலும் செய்ய வேண்டும். தன் வயலில் கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தாலும், பிரபுவின் கதிரை அறுத்துக் கட்டிய பிறகுதான் தன் வயலுக்குப் போகலாம்.

இந்த வேலைகளைக் கவனிக்க அடிமைகளுக்குள்ளேயே ஒருவனைத் தேர்ந்தெடுத்து வைத்தார்கள். நம் தோட்டத்துக் கங்காணியை நினைத்துக்கொண்டால் அவனை எளிதில் புரிந்துகொள்ளலாம். அவனும் இந்தப் பக்கத்து ஆள்தான். ஆனால் அந்தப் பக்கத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவன்.

வேலையோடு முடிந்ததா? இல்லை. மகளுக்குக் கல்யாணம் என்றால் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். மகனைப் பள்ளிக்கு அனுப்பவும், அவன் படித்துக் குருவாகவும் அனுமதி வாங்கிப் பணம் கட்ட வேண்டும். வேறு ஊரில் போய்த் தங்கினால் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். வீட்டுத் தலைவன் செத்துப்போனால், வீட்டில் உள்ள மாடுகளில் சிறந்ததைப் பிரபு ஓட்டிக்கொண்டு போவான். அழுகை ஓயாத வீட்டு வாசலில் இருந்து மாடு அவிழ்க்கப்படும். இவை எல்லாம் பண்ணை நீதிமன்றத்தில், தோல் சுருளில், லத்தீன் மொழியில் எழுதி வைக்கப்பட்டன. யார் அடிமை, யார் மகன் யார், யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அந்தச் சுருளில் இருந்தது. எழுதப்பட்டவனுக்கு அதைப் படிக்கத் தெரியாது.

மாவு அரைக்கும் விஷயத்தைக் கேளுங்கள். பண்ணையடிமை தன் தானியத்தைத் தன் வீட்டில் அரைத்துக்கொள்ளக் கூடாது. பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும். அரைத்ததில் ஒரு பங்கை ஆலைக்கு விட வேண்டும். செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊரில் பிரபுவாக இருந்தது ஒரு துறவி மடம். அந்த ஊர் மக்கள் மடத்து ஆலைக்குப் போகாமல் வீட்டில் திரிகைக்கல் வைத்து அரைத்தார்கள். 1327 முதல் 1336 வரை மடத்தலைவராக இருந்த ரிச்சர்ட் என்பவர் அந்தத் திரிகைகளை எல்லாம் பறிமுதல் செய்தார். பறித்த கற்களை மடத்து வரவேற்பறையின் தரையில் பதித்துவிட்டார். மடத்துக்கு வருபவர்கள் எல்லாம் ஏழைகளின் திரிகைகள்மேல் நடந்து போனார்கள். இந்தக் கற்களை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அவற்றைப் பற்றிச் சொல்வோம்.

மடமே பிரபுவாக இருந்ததா என்று சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அக்காலத் திருச்சபைக்கு இரண்டு முகங்கள் இருந்தன. பிறப்பு, கல்யாணம், இறப்பு மூன்றிலும் மக்களுக்குத் துணை நின்றது திருச்சபைதான். ஏழைக்குக் கஞ்சி, நோயாளிக்கு இடம், வழிப்போக்கனுக்குத் திண்ணை என்பதெல்லாம் பெரும்பாலும் மடங்கள் தந்தவை. ஞாயிற்றுக்கிழமையோடு திருநாட்களும் சேர்ந்து உழைப்பாளிக்கு ஓய்வு கிடைத்ததும் கோயிலால்தான். ஆனால் அதே திருச்சபை நாட்டின் மிகப் பெரிய நிலச்சுவான்தார்களில் ஒன்றாகவும் இருந்தது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கோயிலுக்கு. குடும்பத்தலைவன் இறந்தால் முதல்தரமான மாடு பிரபுவுக்கு. பல ஊர்களில் இரண்டாம் தரமானது ஊர்க் குருவுக்கு. வழிபாடு முழுவதும் லத்தீன் மொழியில் நடந்தது. நிலத்திலும் சரி, கோயிலிலும் சரி, உழைப்பவனுக்குப் புரியாத மொழியில்தான் அவன் வாழ்க்கை எழுதப்பட்டது.

இப்படிப் பல தலைமுறைகள் கழிந்தன. ஜனத்தொகை பெருகியது. நிலம் போதவில்லை. வேலைக்கு ஆள் நிறைய இருந்ததால் கூலி உயரவில்லை. ஓர் ஆள் முகம் சுளித்தால் அந்த இடத்துக்குப் பத்துப்பேர் காத்திருந்தார்கள். இந்த நிலையில்தான் 1348ஆம் ஆண்டு கோடைக்காலத்தில், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள மெல்கம் என்னும் துறைமுகத்தில் ஒரு கொள்ளைநோய் வந்து இறங்கியது. கறுப்புச் சாவு என்று பிற்காலத்தார் அதற்குப் பெயரிட்டார்கள்.

அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டும். காய்ச்சல் அடிக்கும். பலர் சில நாட்களிலேயே மாண்டார்கள். அது கடவுளின் கோபம் என்றார்கள். கெட்ட காற்று என்றார்கள். அது ஒரு கிருமியால் வந்த பிளேக் நோய் என்பது இன்று உறுதியாகிவிட்டது. லண்டனில் அந்நாளில் பிணங்களைப் புதைத்த இடுகாட்டில் கிடைத்த பற்களிலிருந்து, அந்தக் கிருமியின் மரபணுவை 2011ஆம் ஆண்டில் அறிஞர்கள் முழுமையாகப் படித்துக் காட்டினார்கள். 2 ஆண்டுகளுக்குள் நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் முதல் பாதிப்பேர் வரை மாண்டிருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். சில ஊர்களில் புதைக்கவும் ஆள் இல்லை.

குருமாரும் தப்பவில்லை. சாகிறவர்கள் பக்கத்தில் இருந்து பாவமன்னிப்புக் கொடுக்கப் போனவர்கள் அந்த நோயிலேயே விழுந்தார்கள். 1349ஆம் ஆண்டில் மட்டும் கான்டர்பரிப் பேராயர் பதவிக்கு வந்த இருவர் ஒருவர் பின் ஒருவராக மாண்டார்கள். பாத் அண்டு வெல்ஸ் ஆயர் அந்த ஆண்டு ஜனவரியில் ஒரு கடிதம் அனுப்பினார். குரு கிடைக்காவிட்டால் சாகிறவர் தம் பாவத்தைச் சாதாரண மனிதரிடமே சொல்லலாம். ஆண் கிடைக்காவிட்டால் ஒரு பெண்ணிடம்கூடச் சொல்லலாம் என்று அதில் இருந்தது. குரு இல்லாமல் மோட்சம் இல்லை என்று கேட்டு வளர்ந்த மக்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நோய் தணிந்தது. உயிர் தப்பியவர்கள் தலைநிமிர்ந்து பார்த்தார்கள். வயல் இருக்கிறது; உழ ஆளில்லை. கதிர் முற்றிக் கிடக்கிறது, அறுக்க ஆளில்லை. நேற்றுவரை ஒரு வேலைக்குப் பத்துப்பேர். இன்று பத்து வேலைக்கு ஒருவர். அந்த ஒருவர் வாய் திறந்து கேட்டார்: "கூலி இரட்டிப்பாகக் கொடுப்பீர்களா? இல்லையென்றால் அடுத்த ஊருக்குப் போகிறேன்." அடுத்த ஊர்ப் பிரபுவும், இவன் யாருடைய அடிமை என்று விசாரிக்காமல் சேர்த்துக்கொண்டான். அவனுக்கும் கதிர் அறுக்க வேண்டுமே!

பிரபுக்கள் இதைப் பொறுப்பார்களா? 1349 ஜூன் மாதத்திலேயே மன்னர் மூன்றாம் எட்வர்டின் பெயரால் ஓர் ஆணை பிறந்தது. 1351இல் பாராளுமன்றம் அதைத் தொழிலாளர் சட்டம் என்று விரிவாக்கியது. பெயரைக் கேட்டுத் தொழிலாளருக்கு நன்மை செய்த சட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. 60 வயதுக்கு உட்பட்ட, உடல்வலிமையுள்ள, சொந்தப் பிழைப்பு இல்லாத ஆணும் பெண்ணும் அழைத்த வேலைக்குப் போயே ஆக வேண்டும். கொள்ளைநோய்க்கு முன்பிருந்த கூலிக்கு மேல் கேட்கக் கூடாது. களை எடுக்கவும் வைக்கோல் புல் உலர்த்தவும் நாளுக்கு 1 பென்னி. ஆகஸ்ட் முதல் வாரத்தில் கதிர் அறுக்க நாளுக்கு 2 பென்ஸ், இரண்டாம் வாரம் முதல் 3 பென்ஸ். சாப்பாடு கிடையாது. பேசிய தவணை முடியுமுன் வேலையை விட்டுப் போனால் சிறை. சட்டத்துக்குக் கட்டுப்படுவேன் என்று ஆண்டுக்கு இரண்டு முறை சத்தியம் செய்ய வேண்டும். மறுத்தால் தொழுமரத்தில் காலை மாட்டிப் பூட்டி ஊர் நடுவில் உட்கார வைத்தார்கள். தொழுமரம் என்பது இரண்டு பலகைகளுக்கிடையே காலை வைத்துப் பூட்டும் சாதனம். அதை ஊர்தோறும் செய்து வைக்கச் சட்டமே கட்டளையிட்டது.

கூடுதல் கூலி கொடுக்கும் முதலாளிக்கும் தண்டனை உண்டு என்று எழுதித்தான் இருந்தது. ஆனால் வழக்குமன்றத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் வாங்கியவர்களே. திருச்சபையும் பின்தங்கவில்லை. ஆள் குறைந்ததால் ஏழைக் குருமாரும் கூடுதல் சம்பளம் கேட்டார்கள். 1350இல் பேராயர் சைமன் இஸ்லிப் அவர்கள் சம்பளத்துக்கும் ஒரு வரம்பு கட்டினார். 1361இல், ஓடிப்போன தொழிலாளியின் நெற்றியில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் எழுத்துச் சுடலாம் என்றுகூடச் சட்டம் எழுதினார்கள். 1363இல் ஏர் உழுபவனும் ஆடு மேய்ப்பவனும் முரட்டுக் கம்பளித் துணிதான் உடுத்த வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. அது நிற்கவில்லை, சீக்கிரமே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆனால் அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதிலிருந்து நமக்கு ஒன்று தெரிகிறது. உழைப்பாளி அப்போது நல்ல துணி உடுத்தத் தொடங்கிவிட்டான்.

இந்தக் காலத்தில்தான் ஜான் பால் என்ற ஓர் ஏழைக் குரு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கோயிலுக்குள் பேசத் தடை போட்டார்கள்; அவர் சந்தையிலும் கோயில் முற்றத்திலும் நின்று பேசினார். எல்லாரும் ஆதாம் ஏவாள் வழி வந்தவர்கள் என்றால், பிறப்பினால் பிரபு யார், அடிமை யார் என்பதே அவர் கேள்வி. இதைப் பிரபுக்கள் விரும்பவில்லை, ஆயர்களும் விரும்பவில்லை. அவரைத் திருச்சபைக்குப் புறம்பாக்கினார்கள்; பலமுறை சிறையில் வைத்தார்கள்.

பிறகு வந்தது தலைவரி. பிரான்ஸ் நாட்டோடு 1337இல் தொடங்கிய போர் முடிவில்லாமல் இழுத்துக்கொண்டு போயிற்று. கஜானா காலி. 1377இல் 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் 4 பென்ஸ் வரி போட்டார்கள். 1379இல் தகுதிக்கேற்ப ஒரு வரி. 1380 இறுதியில் கூடிய பாராளுமன்றம், 15 வயதுக்கு மேற்பட்டோருக்குத் தலைக்கு 12 பென்ஸ், அதாவது ஒரு ஷில்லிங் என்று விதித்தது. அது ஒரு கூலியாளுக்கு மூன்று நான்கு நாள் உழைப்பு. கணவன், மனைவி, வளர்ந்த மகன் என்றால் மூன்று மடங்கு. வசதியுள்ளவர்கள் ஏழைகளுக்குத் துணை செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. ஏழைகள் மட்டுமே வாழ்ந்த ஊரில் யார் யாருக்குத் துணை செய்வது? மக்கள் தலைகளை மறைத்தார்கள். விதவைத் தாயும் கல்யாணமாகாத மகளும் கணக்கிலிருந்து மறைந்தார்கள். 1377இல் எழுதப்பட்ட தலைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு 1381இல் காணவில்லை! மறைந்த தலைகளைத் தேட அரசாங்கம் அதிகாரிகளை அனுப்பியது.

1381 மே 30. எஸெக்ஸ் மாவட்டத்துப் பிரென்ட்வுட் என்ற ஊரில், வரி விசாரிக்க வந்த அதிகாரியை ஃபாபிங் கிராமத்து மக்கள் அடித்து விரட்டினார்கள். தீ பரவுவதுபோல் செய்தி பரவியது. கென்ட் மாவட்டத்தில் வாட் டைலர் என்பவர் தலைமை ஏற்றார். சிறையிலிருந்த ஜான் பால் விடுவிக்கப்பட்டார். போகிற வழியெல்லாம் மக்கள் பிரபுக்களின் வீடுகளில் எதைத் தேடினார்கள் தெரியுமா? அந்தத் தோல் சுருள்களைத்தான். பண்ணை ஏடுகளை முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். எழுத்தில்தான் தங்கள் அடிமைத்தனம் இருக்கிறது. எழுத்து எரிந்தால் அதுவும் எரியும் என்று அவர்கள் எண்ணினார்கள்.

ஜூன் 13ஆம் தேதி அவர்கள் லண்டனுக்குள் நுழைந்தார்கள். மன்னரின் சிற்றப்பாவும் நாட்டின் பெருஞ்செல்வருமான ஜான் ஆஃப் கான்ட் என்பவரின் சவாய் மாளிகையை எரித்தார்கள். கொள்ளையடிக்க வரவில்லை என்று சொல்லி, பொன்னையும் வெள்ளியையும் உடைத்து ஆற்றில் எறிந்தார்கள். மன்னர் இரண்டாம் ரிச்சர்டுக்கு அப்போது வயது 14. மறுநாள் அவர் மைல் எண்ட் என்ற இடத்தில் மக்களைச் சந்தித்தார். பண்ணையடிமை முறை ஒழியும். நிலத்துக்கு ஏக்கருக்கு 4 பென்ஸ் குத்தகை போதும். ஊர்தோறும் முத்திரையிட்ட உரிமைச்சாசனம் தரப்படும் என்று வாக்களித்தார். எழுத்தர்கள் உட்கார்ந்து சாசனங்களை எழுதினார்கள். பலர் அதை வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியோடு ஊர் திரும்பினார்கள்.

கதையின் இருண்ட பக்கத்தையும் நாம் மறைக்கக் கூடாது. அதே நாளில் ஒரு கூட்டம் லண்டன் கோட்டைக்குள் புகுந்தது. பேராயரும் அமைச்சருமான சைமன் சட்பரியையும், பொருளாளர் ராபர்ட் ஹேல்ஸையும் இழுத்து வந்து தலையை வெட்டியது. நெசவும் வணிகமும் செய்து பிழைக்க வந்திருந்த ஃபிளாண்டர்ஸ் நாட்டவரை, அந்நியர் என்பதற்காகவே தெருவில் தேடித் தேடிக் கொன்றார்கள். நியாயம் கேட்டுப் புறப்பட்ட கூட்டத்தின் கையில், தவறு செய்யாத ஏழைகளின் இரத்தமும் படிந்தது.

ஜூன் 15ஆம் தேதி ஸ்மித்ஃபீல்டு என்ற திடலில் வாட் டைலர் மன்னரை நேருக்கு நேர் சந்தித்தார். மன்னரைத் தவிர வேறு பிரபு கூடாது. திருச்சபையின் நிலங்களை மக்களுக்குப் பங்கிட வேண்டும் என்று கேட்டார். வாக்குவாதம் முற்றியது. லண்டன் நகரத் தலைவர் வில்லியம் வால்வொர்த் அவரைக் குத்தி வீழ்த்தினார். மக்கள் வில்லை வளைத்தார்கள். சிறுவன் மன்னன் குதிரையை முன்னே செலுத்தி, இனி நானே உங்கள் தலைவன், என்னோடு வாருங்கள் என்றான். நம்பிப் பின்தொடர்ந்தார்கள். அத்துடன் லண்டனில் எல்லாம் முடிந்தது.

அதே நாட்களில் செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம். ஊர் மக்கள் வில்லியம் கிரிண்ட்காப் என்பவர் தலைமையில் மடத்துக்குள் போனார்கள். வரவேற்பறைத் தரையைப் பெயர்த்தார்கள். தங்கள் பாட்டன் பாட்டிகளிடமிருந்து பறித்த திரிகைக் கற்களை வெளியே எடுத்தார்கள். அவற்றைத் துண்டு துண்டாக உடைத்து, கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஆசீர்வதித்த அப்பத்தைப் பகிர்ந்துகொள்வதுபோல், ஆளுக்கு ஒரு துண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஆகியும் அவர்கள் மறக்கவில்லை.

மன்னர் கொடுத்த வாக்கு எத்தனை நாள் நின்றது? ஜூலை 2ஆம் தேதி சாசனங்கள் அனைத்தும் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. ஜூலை 15ஆம் தேதி ஜான் பால் கொல்லப்பட்டார். கிரிண்ட்காப்பைப் பிடித்து, உயிர் வேண்டுமானால் ஊரார் வாங்கிய சாசனங்களைத் திருப்பிக் கொடுக்கச் செய் என்று ஊருக்கு அனுப்பினார்கள். அவர் ஊராரிடம் வந்து, எனக்காக விட்டுக்கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுச் சிறைக்குத் திரும்பினார். அவரையும் தூக்கிலிட்டார்கள். அந்த ஆண்டு இறுதியில் கூடிய பாராளுமன்றத்தில், அடிமைகளை விடுவிக்கச் சம்மதமா என்று கேட்கப்பட்டது. எல்லாரும் ஒரே நாளில் சாக நேர்ந்தாலும் சம்மதிக்க மாட்டோம் என்று பதில் வந்தது.

அப்படியானால் அவர்கள் பட்டபாடு வீணா? இந்த இடத்தில்தான் நேயர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். பெரும் கூட்டம் கூடிச் சாதிக்க முடியாததை, அடுத்த நூறு ஆண்டுகளில் குடும்பம் குடும்பமாகச் சாதித்தார்கள். கொள்ளைநோய் மீண்டும் மீண்டும் வந்ததால் ஆள் பற்றாக்குறை தீரவில்லை. சட்டம் இருந்தும் கூலி உயர்ந்தது. நல்ல நிபந்தனை கிடைக்காதவர்கள் இரவோடு இரவாக மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊர் போனார்கள். 1388இல், முத்திரையிட்ட கடிதம் இல்லாமல் எவரும் ஊர் விட்டுப் போகக் கூடாது. 12 வயதுவரை ஏர் வேலை பார்த்த பிள்ளை வேறு தொழில் பழகக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். அதுவும் வெள்ளத்துக்கு மண் அணை போட்ட கதையாயிற்று. நிலத்தைச் சும்மா போட முடியாத பிரபுக்கள், இலவச வேலையைக் கைவிட்டுக் குத்தகைப் பணம் வாங்கத் தொடங்கினார்கள்.

சாப்பாட்டில்கூட மாற்றம் தெரிந்தது. நார்ஃபோக் மாவட்டத்து செட்ஜ்ஃபோர்டு என்ற ஊர்ப் பண்ணைக் கணக்கில், அறுவடையாளுக்குக் கொடுத்த உணவு எழுதப்பட்டிருக்கிறது. 1256இல் பெரும்பகுதி ரொட்டி, இறைச்சி பேருக்குத்தான். 1424இல் ரொட்டியைவிட இறைச்சிக்கே அதிகம் செலவாயிற்று. அந்தப் பண்ணையும் ஒரு மடத்துக்குச் சொந்தமானதுதான். மடமாக இருந்தாலும், ஆள் வேண்டுமென்றால் நல்ல சாப்பாடு போட வேண்டியிருந்தது.

இதைவிடப் பெரிய மாற்றம் பிள்ளைகள் விஷயத்தில் நடந்தது. 1391இல் பாராளுமன்றத்தில் சிலர் மன்னரிடம் ஒரு விண்ணப்பம் வைத்தார்கள். பண்ணையடிமைகள் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்று தடை போட வேண்டும் என்பதே அந்த விண்ணப்பம். அப்படிக் கேட்டார்கள் என்றால் என்ன பொருள்? தடை போட நினைக்கும் அளவுக்குப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்றுதானே பொருள்! மன்னர் இணங்கவில்லை. 1406இல் வந்த சட்டம், எந்த நிலையில் உள்ள ஆணும் பெண்ணும் தம் மகனையோ மகளையோ விரும்பிய பள்ளியில் சேர்த்துப் படிக்க வைக்கலாம் என்று எழுதியே கொடுத்துவிட்டது.

எழுத்தின் நிலைமையும் மாறியது. அன்று தீயில் போட்ட அதே பண்ணைச் சுருள்களில், இப்போது குடியானவனின் நில உரிமை எழுதப்பட்டது. எழுதியதில் ஒரு நகலை அவன் கையிலேயே கொடுத்தார்கள். அந்த நகலைக் காட்டி, இது என் நிலம், என்னை வெளியேற்ற முடியாது என்று அவன் வாதாடினான். அடிமைப்படுத்திய எழுத்தே அரணாகவும் ஆயிற்று. பண்ணையடிமை முறையை ஒழிக்கப் பொதுவாக ஒரு சட்டம் இங்கிலாந்தில் இயற்றப்படவே இல்லை. 1500ஆம் ஆண்டளவில் அது பெரும்பாலும் தானாகவே தேய்ந்துவிட்டது. மிச்சமிருந்தவர்களில் அரசுப் பண்ணைகளைச் சேர்ந்த சிலர் பணம் கட்டி விடுதலை பெற, 1574இல் முதலாம் எலிசபெத் அரசி ஏற்பாடு செய்தார்.

இனி, தொடக்கத்தில் சொன்ன தொடர்புக்கு வருவோம். பண்ணையடிமை முறை தேய்ந்தாலும் 1351ஆம் ஆண்டுச் சட்டத்தின் கரு தேயவில்லை. தவணை முடியுமுன் வேலையை விட்டவன் கடன்காரன் அல்லன், குற்றவாளி. அவனைச் சிறையில் போடலாம் என்பதே அந்தக் கரு. 1563இல் வேறு சட்டமாகவும், பின்னர் எஜமான் வேலையாள் சட்டங்களாகவும் அது உருமாறி வந்தது. ஆங்கிலேயர் எங்கெங்கே குடியேற்ற ஆட்சி நடத்தினார்களோ, அங்கெல்லாம் அது அவர்களோடு கப்பல் ஏறியது. இங்கிலாந்துத் தொழிலாளர் போராடி 1875இல் அந்தத் தண்டனையை நீக்கச் செய்தார்கள். ஆனால் அதன் பிறகும், மலாயாவின் கரும்புத் தோட்டத்துக்கும் காப்பித் தோட்டத்துக்கும் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர், தவணை முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடினால் சிறைக்குப் போனார்கள். ஆங்கிலேயன் தன் நாட்டில் கைவிட்டதை நம்மவர்மீது வைத்திருந்தான். ஒப்பந்தக் கூலி முறை இங்கே 1910இல்தான் நிறுத்தப்பட்டது. பாட்டன்மார் சொன்ன துன்பக் கதைகளின் வேர், 1351இல் எழுதப்பட்ட ஒரு சட்டத்தில் இருக்கிறது.

1351ஆம் ஆண்டுச் சட்டம், இதற்கு மேல் கூலி கொடுக்காதே என்று சொன்னது. மலேசியாவில் 2013ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பள ஆணை, இதற்குக் கீழே கொடுக்காதே என்று சொன்னது. இந்த இரண்டுக்கும் இடையே 660 ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருக்கின்றன. அந்தத் தூரத்தைக் கடக்க எத்தனை நாட்டு உழைப்பாளிகள் பாடுபட்டிருக்கிறார்கள்!

நேயர்களே, அந்த மக்கள் ஏடுகளைக் கொளுத்தியது அவற்றைப் படிக்கத் தெரியாததால். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஏட்டின் நகலைப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்தது அதன் மதிப்புத் தெரிந்ததால். நாம் கையெழுத்துப் போடும் வேலை ஒப்பந்தம், மாதந்தோறும் வாங்கும் சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு, பிள்ளையின் பிறப்புப் பத்திரம் ஆகியவை எல்லாம் அந்த நகலைப் போன்றவைதாம். அவற்றைப் படித்துப் பாருங்கள். புரியாவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளையை உட்கார வைத்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பள்ளிக்கு அனுப்பாதே என்று ஒரு காலத்தில் பெரியவர்கள் மன்னரிடம் போய்க் கேட்டார்கள் என்றால், படித்த பிள்ளையைக் கண்டு அவர்கள் எவ்வளவு அஞ்சியிருக்க வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.